மூன்றாம் காலுக்குக் கீழே

வாக்கி-டாக்கியில் அவர்கள் இருவருக்கும் பொதுவாக ஆறே வார்த்தைகள்தான் மிச்சம் இருந்தன. தூக்கு. இறக்கு. இடது. வலது. மெதுவா. நில்.

பத்து மாதமாக ஏழாவது வார்த்தைக்கு இடமில்லை.

ஒருவன் ஆறு மாடி ஆஸ்பத்திரிக் கட்டிடத்தின் மொட்டை மாடியில் நின்றான். மேலிருந்து கிரேனுக்கு வழி சொல்கிற சிக்னல்காரன். வாக்கி-டாக்கி வராத காலத்தில் விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டே வேலை பார்த்தவன் என்பதால், சைட் முழுக்க அவனுக்கு 'விசில்' என்றே பெயர்.

இன்னொருவன் கீழே, கிரேன் கேபினில். ஆபரேட்டர். விசிலின் தங்கையைக் கட்டியவன். கல்யாணமான புதிதில் விசில் அவனை எல்லோர் முன்னாலும் 'மாப்பிள்ளை, மாப்பிள்ளை' என்று வாய் நிறையக் கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது. கம்பி கட்டுகிறவர், சிமெண்டு கலக்குகிறவர், வாட்ச்மேன் என்று எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளைதான். இன்று அந்த சைட்டிலேயே அவனை அப்படிக் கூப்பிடாத ஒரே ஆள் விசில்.

பத்து மாதத்துக்கு முன் மாப்பிள்ளை தன் மனைவியை வீட்டுக்குள் வைத்து வெளியே பூட்டிவிட்டு, அவள் போனையும் எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டுக்கு வந்துவிட்டான். அவள் ஜன்னல் வழியாகக் கத்தி, பக்கத்து வீட்டம்மா விசிலுக்குத் தகவல் சொல்லி, விசில் கம்பி வெட்டும் கத்திரியோடு போய்ப் பூட்டை அறுத்தான். அன்றிலிருந்து தங்கை அண்ணன் வீட்டில். வழக்கு கோர்ட்டில்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. போன மாதம் இன்னொன்று நடந்தது. பாரம் அளவுக்கு மீறினால் கிரேன் தானாகவே நின்றுவிடும். அப்படி நிற்கவிடாமல் செய்ய கேபினில் ஒரு சாவி உண்டு. மாப்பிள்ளை அதைத் திருகினான். விசில் அதைப் பார்த்து எழுதிக் கொடுத்தான். மாப்பிள்ளை இரண்டு வாரம் வீட்டில் உட்கார்ந்தான்.

விசில் எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் சைட்டில் ஒருத்தரும் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

"தங்கச்சி விவகாரத்தை வேலையில தீர்த்துக்கிட்டான்யா" என்று டீ குடிக்கும் இடத்தில் அவன் காது படவே சொன்னார்கள்.

மேனேஜர் அன்றைக்கே அவனைக் கூப்பிட்டு விரலை நீட்டினார். "உன் குடும்பச் சண்டையை கேட்டுக்கு வெளியே வச்சிட்டு வா. இன்னொரு தடவை காரணமில்லாம வேலையை நிறுத்தினே, உன் சிக்னல் கார்டு என் மேஜை டிராயர்ல இருக்கும். அப்புறம் எந்த சைட்லயும் நீ கொடிகூட ஆட்ட முடியாது."

அந்த எச்சரிக்கைக்கு இன்றோடு இருபத்திரண்டு நாள்.

இன்று தூக்க வேண்டியது பதினான்கு டன். ஆஸ்பத்திரி முழுவதையும் குளிர வைக்கப்போகிற சில்லர் இயந்திரம். லாரியிலிருந்து எடுத்து, ஆறு மாடிக்கும் மேலே ஏற்றி, இடது பக்கம் திருப்பி, மொட்டை மாடியில் கட்டியிருந்த மேடையில் உட்கார வைக்க வேண்டும்.

காலை எட்டு மணிக்கு கிரேனை நிறுத்த இடம் பார்த்தவன் தரைக்குழுவின் தலைவன் ஒல்லி. எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. அந்தப் பெயரை வைத்தவனை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறான்.

கிரேனின் நான்கு இரும்புக் கால்களும் பக்கவாட்டில் நீண்டு தரையில் ஊன்ற வேண்டும். பாரம் எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அந்தப் பக்கத்துக் கால்தான் ஏறக்குறைய எல்லாவற்றையும் சுமக்கும். லாரி நின்றது ஒன்று, இரண்டாம் கால்களின் பக்கம். கட்டிடம் இருந்தது மூன்றாம் காலின் பக்கம்.

மூன்றாம் காலுக்குக் கிடைத்த இடத்தைப் பார்த்து ஒல்லிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சுற்றிலும் டிப்பர் லாரிகள் ஓடி மேடும் பள்ளமுமாகக் கிடக்க, அந்த இடம் மட்டும் கேரம் போர்டு மாதிரி இருந்தது. ஒரு டயர் தடம் கிடையாது.

"கடவுளே நமக்காக இஸ்திரி போட்டு வச்சிருக்காரு" என்றான். மரக்கட்டைகளை அடுக்கி, மேலே இரும்புத் தட்டு வைத்து, காலை ஊன்றினார்கள். கிரேன் மட்டமாக நிற்கிறதா என்று காட்டும் குமிழி நடுவில் வந்து நின்றது.

அதைப் பார்த்துக்கொண்டு பத்தடி தள்ளி ஒருவர் நின்றார். சைட்டின் தரைவேலை முழுவதையும் ஒப்பந்தம் எடுத்தவர். மண்ணுக்காரர் என்றால்தான் தெரியும். டிப்பரின் சாவிக்கொத்தை ஆள்காட்டி விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே இருப்பது அவர் வழக்கம். மூன்றாம் கால் இறங்கிய இடத்தைப் பார்த்ததும் அந்தச் சுழற்சி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி சுழன்றது.

"எத்தனை மணிக்கு முடியும்?" என்று மட்டும் கேட்டார்.

"பதினோரு மணிக்கெல்லாம்" என்றான் ஒல்லி.

மண்ணுக்காரர் தலையாட்டிவிட்டு, வேலிக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

பத்தே காலுக்கு ஒரு சாண் தூக்கினார்கள். எந்தப் பெரிய பாரத்தையும் முதலில் ஒரு சாண் உயரம் தூக்கிப் பத்து நிமிடம் அப்படியே தொங்கவிட்டுப் பார்ப்பது தொழிலின் வழக்கம். கயிறு, கொக்கி, கால், பிரேக் எல்லாவற்றுக்கும் அதுதான் பரீட்சை. சேஃப்டி மேடம் அட்டையில் செருகிய ஃபார்மோடு நான்கு கால்களையும் சுற்றி வந்தார். எல்லாம் சரி என்று டிக் போட்டார்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. லாரி பக்கத்தில் தொங்கிய பாரம் ஒன்றாம், இரண்டாம் கால்களை மட்டும்தான் பரீட்சித்திருந்தது. மூன்றாம் காலிடம் யாரும் இன்னும் கேள்வியே கேட்கவில்லை.

வாக்கி-டாக்கி கரகரத்தது.

"மச்சானுக்கு மேல காத்து நல்லா வருதா?" மாப்பிள்ளையின் குரல். சைட்டில் பன்னிரண்டு பேர் கையில் அதே சேனல். பன்னிரண்டு பேரும் கேட்டார்கள். "வீட்டுல ஒரு ஆள் கூடிட்டாங்களே, இடம் பத்துதா? இல்ல மச்சான் மொட்டை மாடியிலதான் படுக்கையா?"

யாரோ சிரித்தார்கள்.

"தூக்கு" என்றான் விசில்.

"தூக்குறேன், தூக்குறேன். உங்க வீட்டுல தூக்கிட்டுப் போற பழக்கம்தானே."

"தூக்கு."

பாரம் எழுந்தது.

தொடங்கிவைத்தது விசிலின் குரல் என்றாலும், இரண்டு மாடி வரை ஒல்லியின் கை சைகை. அதற்கு மேல் விசிலின் குரல். அங்கே ஒரு கண்டிப்பான விதி உண்டு. சிக்னல்காரன் இரண்டு விநாடிக்கு ஒரு தடவை 'தூக்கு, தூக்கு' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் வரும்வரைதான் பாரம் நகரும். குரல் நின்றால், காரணம் தெரியாவிட்டாலும், பாரமும் நிற்க வேண்டும். பேட்டரி செத்திருக்கலாம், மேலே இருப்பவனுக்கு மயக்கமே வந்திருக்கலாம். ஆபரேட்டர் யோசிக்கக்கூடாது, நிறுத்த வேண்டும்.

"தூக்கு… தூக்கு… தூக்கு…"

பாரம் இரண்டாம் மாடி ஜன்னலைத் தாண்டியது. விசில் கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக் கீழே எட்டிப் பார்த்தான். இயந்திரத்தின் மூலைகளைப் பார்த்தான். கயிற்றைப் பார்த்தான். அதற்குக் கீழே தரையைப் பார்த்தான்.

தூசி அடங்க அப்போதுதான் தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஈரத்தில் டிப்பர் தடங்கள் கறுப்புக் கோடுகளாக எழுந்து தெரிந்தன. கேட்டிலிருந்து கட்டிடத்தை நோக்கி, ஒன்றன் மேல் ஒன்றாக, நூறு தடவை ஓடிய கோடுகள். எல்லாம் நேராக வந்தன. ஒரு இடத்தில் எல்லாமே வளைந்தன.

ஒரு கோடு விடாமல். நேராக வந்த லாரிகள் எல்லாம் அங்கே மட்டும் ஒதுங்கி, அரைவட்டம் போட்டு, மறுபடி நேராகின. நடுவில் ஏழெட்டடி அகலத்துக்கு ஒரு சதுரம். கேரம் போர்டு.

அதன் மேல் மூன்றாம் கால்.

அங்கே என்ன இருக்கிறது என்று விசிலுக்குத் தெரியாது. ஆனால் லோடு ஏற்றிய வண்டியை அந்த மண் மேல் ஓட்ட ஒருவருக்குப் பயம் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மண்ணை நிரப்பியவருக்கே பயம். அது வழவழப்பாக இருந்தது கெட்டியாக இருந்ததால் அல்ல. யாரும் மிதிக்காததால்.

பாரம் இப்போது லாரி பக்கம் இருக்கிறது. இன்னும் நான்கு மாடி ஏறியதும், 'இடது' என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால், மொத்தமும் அந்தச் சதுரத்தின் மேல் போய் உட்காரும். கால் இறங்கும். கிரேன் கட்டிடத்தின் மேல் சாயும். கேபின் முதலில் நசுங்கும்.

விசிலின் கட்டைவிரல் பட்டனை அமுக்கியது.

வாயிலிருந்து வார்த்தை வரவில்லை.

கேபின் கண்ணாடிக்கு வெளியே நீட்டிய முழங்கை தெரிந்தது. எப்போதும் போல. அறுத்த பூட்டு நினைவுக்கு வந்தது. கதவு திறந்ததும் தங்கை அழவில்லை. 'அண்ணா, பாத்ரூம்ல தண்ணியை நிறுத்திட்டுப் போயிட்டாருண்ணா' என்று மட்டும் சொன்னாள். நாளைக் காலை பத்தரைக்குக் கோர்ட். 'இடது' என்ற ஒரு வார்த்தை. அதுவும் அவன் வேலையில் சொல்ல வேண்டிய வார்த்தைதான். யாரும் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

அமுக்கிய பட்டன் வழியாக மாடிக் காற்று மட்டும் பன்னிரண்டு பேர் காதிலும் இரைந்தது.

பாரம் நிற்கவில்லை. குரல் இல்லாமலே ஏறியது. மூன்றாம் மாடி ஜன்னலின் அடிப்பகுதி. ஜன்னலின் மேற்பகுதி. நான்காம் மாடியின் விளிம்பு.

கீழே ஒல்லி, பாரம் திரும்புவதற்கு முன் கட்டைகளைச் சரிபார்க்க, மூன்றாம் காலின் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தான்.

"நில்!"

பாரம் குலுங்கி நின்றது. பதினான்கு டன் நான்காம் மாடி ஜன்னலுக்கு வெளியே மெல்ல ஆடியது.

"யாருய்யா பட்டனை அமுக்கிக்கிட்டே இருந்தது?" என்று ஒல்லி கத்தினான். "நான் பேசினது ஒருத்தருக்கும் போகல!"

"ஒல்லி, அங்கேருந்து எந்திரி. மூணாவது காலை விட்டுத் தள்ளிப் போ. எல்லாரும் தள்ளிப் போங்க. ஆபரேட்டர், பாரத்தை நேரா கீழே இறக்கு. திருப்பக்கூடாது."

மேனேஜர் வாக்கி-டாக்கியை வாயோடு ஒட்டிக்கொண்டார். "என்ன காரணம்?"

"கால் நிக்கிற இடம் சரியில்ல சார். அங்க ஒரு வண்டிகூடப் போகல. தடம் எல்லாம் வளைஞ்சு போகுது. மேல இருந்து பாத்தா நல்லா தெரியுது."

மேனேஜர் தரையைப் பார்த்தார். நின்ற இடத்திலிருந்து சேறும் சகதியும்தான் தெரிந்தது. "எங்க பாத்தாலும் தடம்தான்யா இருக்கு!"

"மேல வந்து பாருங்க."

"ஆறு மாடி ஏறி நான் டயர் தடம் பாக்கணுமா? மண்ணுக்காரரே, அந்த இடம் எப்படி?"

மண்ணுக்காரர் வேலிக்கு வெளியிலிருந்தே பதில் சொன்னார். "கல்லு மாதிரி சார். இறுக்கிப் பரிசோதனை பண்ணின பேப்பர் உங்க ஆபீஸ்லயே இருக்கு. நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க."

மேனேஜரின் முகம் சிவந்தது. அந்தக் கையெழுத்து அவருடையதுதான்.

கேபினிலிருந்து குரல் வந்தது. நிதானமாக, ரசித்துச் சாப்பிடுகிறவன் மாதிரி. "சார், இது மண்ணு பிரச்சினை இல்ல. நாளைக்கு எங்களுக்குக் கோர்ட். இன்னைக்கு நான் தப்பு பண்ணினேன்னு ஒரு பேப்பர் கிடைச்சா மச்சானுக்கு நாளைக்கு வசதி. அவ்வளவுதான்."

இந்தத் தடவை பலபேர் சிரித்தார்கள்.

"விசில்" என்றார் மேனேஜர். "கார்டைக் கழட்டிட்டு இறங்கி வா. ஒல்லி, நீ மேல போ."

"ஆறு மாடியா சார்?" என்றான் ஒல்லி. "நான் போய்ச் சேர்றதுக்குள்ள சில்லர் துருப்பிடிச்சிரும்."

"போய்யா!"

ஒல்லி ஏறி வர எட்டு நிமிடம். அதற்குப் பிறகு 'இடது' என்று சொல்ல அவன் வாய் போதும். இப்போது பாரத்தைத் தரைக்குக் கொண்டுவரக்கூடிய கை ஒன்றே ஒன்று. அது கேபினில் இருந்தது.

"ஆபரேட்டர். பாரத்தை இறக்கு."

"ஆபரேட்டரா? எனக்குப் பேரு இல்லையா? இந்த சைட்ல என்னை எல்லாரும் எப்படிக் கூப்பிடுவாங்க?" கொஞ்சம் இடைவெளி விட்டு, "நீ வச்ச பேருதானே. அதைச் சொல்லிக் கேளு. இறக்குறேன்."

கம்பி கட்டுகிறவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

விசில் கேபினைப் பார்த்தான். பத்து மாதம். "மாப்பிள்ளை" என்றான். "இறக்குங்க."

"என்ன? காத்து சத்தத்துல கேக்கல."

"மாப்பிள்ளை. தயவுசெஞ்சு இறக்குங்க."

கேபினிலிருந்து வெடித்த சிரிப்பில் வாக்கி-டாக்கி அதிர்ந்தது. "கேட்டீங்களா எல்லாரும்? ரெண்டு வாரம் என்னை வீட்டுல உக்கார வச்ச வாய் இது! இறக்கவா? போடா. ஒல்லி மேல வரட்டும், ஒரே திருப்புல வச்சிட்டுப் போறேன்."

விசிலின் கண்ணில் நெருப்புப் பறந்தது. ஆனால் அந்த நெருப்பிலேயே ஒரு யோசனை பளிச்சிட்டது.

"மேனேஜர் சார். ஒரே ஒரு விஷயம். அதைச் செய்யுங்க, நான் கார்டை இங்கேருந்தே கீழே வீசறேன். மண்ணுக்காரரோட டிப்பர் ஜல்லி ஏத்தி கேட்டுக்குப் பக்கத்துல நிக்குது. அதைக் கொண்டுவந்து மூணாவது காலுக்குப் பக்கத்துல, அந்த வழவழப்பான இடத்துல, ஒரே ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க."

எல்லோர் தலைகளும் கேட் பக்கம் நின்ற டிப்பரை நோக்கித் திரும்பின.

"கல்லு மாதிரி இடம்தானே" என்றான் விசில். "நிறுத்தட்டும்."

மேனேஜர் எரிச்சலோடு கையை ஆட்டினார். "சரி, இந்த நாடகமும் முடியட்டும். மண்ணுக்காரரே, வண்டியை எடுங்க."

மண்ணுக்காரர் சிரிக்க முயன்றார். "எதுக்கு சார் அதெல்லாம்? வண்டி வேற சைட்டுக்கு அவசரமா போகணும்."

"ஒரு நிமிஷம்தானே."

"டிரைவர் சாப்பிடப் போயிருக்கான் சார்."

அப்போது கேபினிலிருந்து குரல் வந்தது. சிரிப்பு வழித்தெடுத்த மாதிரி காணாமல் போயிருந்தது.

"மண்ணுக்காரரே. சாவி உங்க விரல்லதான் இருக்கு. காலையிலேருந்து சுத்திக்கிட்டே இருந்தீங்க. இப்ப ஏன் நிறுத்திட்டீங்க?"

மண்ணுக்காரர் தன் கையைப் பார்த்தார். சாவிக்கொத்து அசையாமல் தொங்கியது.

"வண்டியை எடுங்க" என்றான் மாப்பிள்ளை. "நீங்க அதுல ஏறி நிறுத்தினா, நான் திருப்பறேன்."

மண்ணுக்காரர் நகரவில்லை.

மாப்பிள்ளை அதற்கு மேல் கேட்கவில்லை. பதினைந்து வருடம் லீவர் பிடித்தவனுக்கு அந்த நிற்றலே போதும். ஹாரன் நீளமாக அலறியது. பாரம் இறங்கத் தொடங்கியது. மூன்றாம் மாடி. இரண்டாம் மாடி. மெதுவாக, கண்ணாடிப் பாத்திரத்தை வைக்கிற மாதிரி, லாரியின் மேல் உட்கார்ந்தது. கயிறு தளர்ந்ததும் கேபின் கதவு திறந்து, மாப்பிள்ளை குதித்து, திரும்பிப் பார்க்காமல் இருபதடி நடந்தான்.

கிரேனின் எடையே அந்தக் காலின் மேல் இன்னும் இருந்தது. பாதிப் படியிலிருந்து திரும்பி இறங்கி வந்த ஒல்லியின் இடுப்பில் சேஃப்டி மேடம் கயிறு கட்டி, இன்னொரு முனையை நான்கு பேர் கையில் கொடுத்தார். "இந்த உடம்புக்கு நாலு பேர் பத்தாது மேடம்" என்று முனகிக்கொண்டே ஒல்லி ஒரு நீளமான கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனான். கட்டைகளுக்கு நான்கடி தள்ளி நின்று ஓங்கிக் குத்தினான்.

முதல் குத்தில் மண். இரண்டாவது குத்தில் தகரம் கிழிகிற சத்தம். கடப்பாரை அவன் கையிலிருந்து நழுவித் தரைக்குள் போனது. முழுவதுமாக. ஒல்லி வெறும் கையோடு நின்றான்.

ஒரு கணம் கழித்து, கீழே எங்கோ ஆழத்திலிருந்து, 'தொபுக்'.

தண்ணீர்.

பழைய ஆஸ்பத்திரியின் கழிவுநீர்த் தொட்டி. இடித்து, கல் போட்டு நிரப்பியதாகப் பேப்பரில் இருந்தது. நிரப்பவில்லை. தொட்டியின் மேல்தளம் அரித்துப்போன பழைய காங்கிரீட். அதன் வாய்க்கு ஒரு தகரம். தகரத்துக்கு மேல் இரண்டு சாண் மண். மண்ணுக்காரரின் டிரைவர்கள் மட்டும் தினமும் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கேட் பக்கம் மண்ணுக்காரர் டிப்பரைக் கிளப்பும் சத்தம் கேட்டது. வாட்ச்மேன் அதற்குள் கேட்டுக்குச் சங்கிலியைப் போட்டுவிட்டார்.

மதியம் இரண்டு மணிக்கு, தகரக் கொட்டகை ஆபீஸில், சேஃப்டி மேடம் மேஜையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒவ்வொரு ஃபார்ம் வைத்தார். ஒன்று சிக்னல்காரனுக்கு. ஒன்று ஆபரேட்டருக்கு. மேனேஜர் வெளியே யாரிடமோ போனில் "சார்… இல்ல சார்… நான் நம்பித்தான் சார்…" என்று வியர்த்துக்கொண்டிருந்தார்.

விசிலின் ஃபார்மில் இரண்டு கட்டங்கள். ஆபத்தைப் பார்த்த நேரம். நிறுத்தச் சொன்ன நேரம்.

பேனா முதல் கட்டத்தின் மேலேயே நின்றது.

"எழுது மச்சான்" என்றான் எதிரில் இருந்தவன், குரலைத் தாழ்த்தி. "பட்டன் சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அதுக்கப்புறம் வெறும் காத்து. ரெண்டாவது மாடியில பட்டனை அமுக்கினே. நாலாவது மாடியில வாயைத் திறந்தே. நடுவுல என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

விசில் பேனாவை மேஜையில் வைத்தான்.

"நான் சாகட்டும்னு நின்னே."

"ஆமா" என்றான் விசில்.

மாப்பிள்ளை அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. நாற்காலியில் பின்னால் சாய்ந்தான். "அப்புறம் ஏன் சொன்ன? எனக்காகவா, இல்ல ஒல்லி அங்க போய் உக்காந்ததாலயா?"

விசில் எதிரில் இருந்த ஃபார்மைத் தலைகீழாகவே படித்தான். "உன்னோடதுல என்ன கேட்டிருக்கு? 'குரல் நின்றதும் சுமை நிறுத்தப்பட்டதா?' நான் வாயை மூடினதும் நீ நிறுத்தியிருக்கணும். ஒரு மாடி நீயா ஏத்தினே. ஏன்?"

மாப்பிள்ளை தன் ஃபார்மைக் கையால் மூடினான்.

"நீ பேசலேன்னா நான் நிக்கணுமா?" என்றான். "உன் வாய்க்கு நான் அடிமையா?"

"அதைத்தான் அங்க எழுதணும்."

"நீ உன்னோடதை எழுது. நான் என்னோடதை எழுதறேன்."

"முதல்ல நீ எழுது."

"நீ எழுது."

சேஃப்டி மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒண்ணாம் கிளாஸா நடத்தறேன் நான்?"

விசில் எழுதினான். எதிரி தப்பிவிடக்கூடாது என்ற ஒரே வெறியில் தன் கட்டத்தை ஒளிவில்லாமல் நிரப்பினான். இரண்டாம் மாடியில் பார்த்தேன். நான்காம் மாடியில் சொன்னேன். இடையில் குரல் கொடுக்கவில்லை. எதிரிலிருந்தவனும் அதே வெறியில் எழுதினான். குரல் நின்றது தெரிந்தும் நிறுத்தவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் ஃபார்மைத் தள்ளினார்கள்.

மேடம் இரண்டையும் படித்தார். மறுபடி படித்தார். "இந்த வேலைக்கு வந்து பதினொரு வருஷம் ஆச்சு. ஒரு ஃபார்ம்ல முழு உண்மையை இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார். "அதுவும் ரெண்டு." முத்திரையை எடுத்தார். "ரெண்டு பேருக்கும் ரெண்டு ரெண்டு வாரம். கார்டைக் கொடுங்க."

மேஜையில் இரண்டு கார்டுகள் விழுந்தன.

கதவருகே இருவரும் ஒரே நேரத்தில் வந்து, யார் முதலில் வெளியே போவது என்று தெரியாமல் முட்டி நின்றார்கள். மாப்பிள்ளை அவன் காதோடு சொன்னான். "உயிரைக் காப்பாத்திட்டேன்னு நாளைக்குக் கோர்ட்ல வந்து நிக்காதே. நான் எதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன்."

"வந்து நிக்கத்தான் போறேன்" என்றான் விசில். "பூட்டை அறுத்த கத்திரியோட."

முதலில் வெளியே போனது மாப்பிள்ளைதான். சைட்டைக் கடக்கும்போது, கயிறு கட்டித் தடுத்திருந்த அந்தச் சதுரத்தைத் தேவைக்கு மேலேயே விலகிச் சுற்றிக்கொண்டு போனான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்த அண்ணனைப் பார்த்ததும் தங்கை துணி மடிப்பதை நிறுத்தினாள்.

"என்னண்ணா, சீக்கிரம்?"

விசில் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. தடங்கள், பட்டன், காற்று, ஜன்னல்கள். அவள் அசையாமல் கேட்டாள். நாளைக்குக் கட்டிக்கொண்டு போக வேண்டிய சேலை அவள் மடியில் பாதி மடித்தபடி கிடந்தது.

"எவ்வளவு நேரம் பேசாம நின்ன?"

"ஒரு மாடி."

அவள் சேலையின் மீதிப் பாதியை மடித்தாள். விளிம்புகளை இழுத்துச் சரிசெய்தாள். மடித்த துணிகளின் மேல் அதை வைத்தாள்.

"நானா இருந்தா இன்னும் ஒரு மாடி விட்டிருப்பேன்" என்றாள். "அப்புறம்தான் நில்லுன்னு சொல்லியிருப்பேன்."

பிறகு எழுந்து போய், வாசல் கதவை அகலமாகத் திறந்து, அது மூடிக்கொள்ளாமல் இருக்க அடியில் ஒரு கல்லை நகர்த்தி வைத்தாள். பத்து மாதமாகத் தினமும் செய்வதுதான்.